ஒளித்து வைத்த மொழி

டோகோன் என்று சொன்னவுடன் நம்ம மக்களில் பாதிப் பேருக்கு சிரியஸ் நட்சத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், மலைச்சரிவில் மண்வீடு கட்டி வாழும் ஒரு பழங்குடி. அவங்களுக்கு சிரியஸுக்குப் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத இன்னொரு நட்சத்திரம் இருப்பது எப்படித் தெரிஞ்சுது? வேற்று கிரகத்து ஆசாமிகள் வந்து சொல்லிட்டுப் போனாங்களா? ராபர்ட் டெம்பிள் 1976-ல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். காலேஜ் காலத்தில் நானும் இந்தக் கதையை வாய் பிளந்து கேட்டவன்தான். நாலு பேருக்குச் சொல்லி அவங்க வாயையும் பிளக்க வைத்தவன்.

பிறகு 1991-ல் வால்டர் வான் பீக் என்ற டச்சு மானுடவியலாளர் அதே டோகோன் மக்களிடம் பல வருஷம் இருந்து விசாரித்துவிட்டு, "அப்படி ஒரு கதையை இங்கே யாருமே சொல்லலையே" என்று எழுதிவிட்டார். முதலில் அதைப் பதிவு செய்த பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் கிரியோல், கேள்வி கேட்கும்போதே பதிலையும் ஊட்டிவிட்டாரோ என்று சந்தேகம். அந்தச் சண்டை இன்னும் முழுசா ஓயலை. அதை விடுங்க.

எனக்கு உறுத்தியது வேற ஒண்ணு. 1931-லிருந்து உலகத்து மானுடவியலாளர்கள் வரிசை கட்டி அந்த மலைக்குப் போனாங்க. முகமூடி, நடனம், வானம், நட்சத்திரம் என்று பக்கம் பக்கமாக எழுதினாங்க. அதே மலையின் இன்னொரு மூலையில், உலகத்தில் வேறு எந்த மொழியோடும் உறவில்லாத ஒரு மொழியைப் பேசிக்கிட்டு ஏழு கிராமம் இருந்திருக்கு. அது அப்படிப்பட்ட மொழி என்று ஒருத்தர் எழுத 2005 வரைக்கும் ஆச்சு! வானத்தைப் பார்த்த வேகத்தில் தரையைக் கோட்டை விட்டுட்டாங்க.

அந்த மொழியின் பெயர் பங்கிமே. பேசுபவர்கள் பங்கண்டே. இன்றைய பதிவு இவங்களைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

இடம்

மாலியின் நடுப்பகுதியில் மோப்டி என்று ஒரு ஊர். நைஜர் ஆறும் பானி ஆறும் சேரும் இடம். அதற்குக் கிழக்கே பாண்டியகரா பீடபூமி. (பெயரைப் பார்த்துவிட்டு "பாண்டியன் கரை" என்று யாரும் ஆராய்ச்சியைத் தொடங்கிடாதீங்க சாமி. ஒரு சம்பந்தமும் கிடையாது.) அந்தப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரத்தில் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணற்கல் செங்குத்துப் பாறை. அதன் முகத்தில் ஒட்ட வைத்த மாதிரி டோகோன் கிராமங்கள். 1989-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. சுற்றுலாப் படங்களில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

பங்கண்டே இருப்பது அதற்கு எதிர்ப்பக்கம். பீடபூமியின் வடமேற்கு விளிம்பில், பாறைகள் மூணு பக்கமும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. மொத்தம் ஏழு கிராமம்தான். பூனு என்பது அதில் ஒன்று, ஆய்வாளர்கள் தங்கி வேலை பார்த்த ஊர். பேசுபவர்கள் எண்ணிக்கை 2005 வாக்கில் சுமார் 3,500 என்று குறித்திருக்காங்க. நம்ம பக்கத்தில் ஒரு பெரிய அரசு மேல்நிலைப்பள்ளியில் காலை பிரார்த்தனைக்கு நிற்கும் கூட்டம். அவ்வளவுதான், ஒரு மொழியின் மொத்த ஜனத்தொகை.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். டோகோன் என்பது ஒரே மொழி கிடையாது. ஒருவர் பேசுவது அடுத்த பள்ளத்தாக்குக்காரருக்குப் புரியாத அளவுக்கு வேறுபட்ட சுமார் இருபது மொழிகள் அதில் உண்டு. அதனால் பங்கிமே கொஞ்சம் புரியாமல் இருந்தது யாருக்கும் பெரிய அதிசயமாகத் தெரியலை. "ஏதோ ரொம்ப விலகிப்போன ஒரு கிளை" என்று சொல்லி மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். ரோஜர் பிளெஞ்ச் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் சொற்பட்டியல் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் 2005-ல் முதன்முதலாக, "இது டோகோனே இல்லை, எந்தக் குடும்பத்திலும் ஒட்டாத தனிமொழியாக இருக்கலாம்" என்று சொன்னார்.

தனிமொழின்னா என்ன, அதுல என்ன பெரிய விஷயம்?

ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 2,000 மொழிகள் இருக்கு. ஜோசப் கிரீன்பெர்க் 1963-ல் அத்தனையையும் நாலே நாலு பெரிய குடும்பத்துக்குள் அடைத்தார். அந்த நாலில் சில இன்றைக்கு ஆட்டம் கண்டிருந்தாலும், பெரும்பாலான மொழிகளுக்கு ஒரு வீட்டு விலாசம் உண்டு. விலாசமே இல்லாத மொழிகளை விரல் விட்டு எண்ணிடலாம். தான்சானியாவில் ஹட்ஸா, சாட் நாட்டில் லால், நைஜீரியாவில் ஜலா... அந்தச் சின்னப் பட்டியலில் பங்கிமேயும் ஒன்று.

ஒரு மொழிக்கு உறவே இல்லை என்றால் அது வானத்திலிருந்து குதிச்சதுன்னு அர்த்தமில்லை. ஒரு காலத்தில் அதற்கும் அண்ணன் தம்பி இருந்திருப்பாங்க. அவங்க எல்லாம் எழுதப்படாமலே செத்துப் போயிட்டாங்க. இது ஒண்ணு மட்டும் தப்பிச்சு நிக்குது. டோகோன் மக்கள் அந்த மலைக்கு வரும் முன்பே அங்கே வேறு மக்கள் இருந்தது தெரியும். டெல்லெம் என்று டோகோன்களே அவங்களுக்குப் பேர் வைத்திருக்காங்க. 11-ஆம் நூற்றாண்டு முதல் அவங்க குகைகளில் விட்டுப்போன துணி, எலும்பு, தானியக் களஞ்சியம் எல்லாம் கிடைச்சிருக்கு. என்ன பேசினாங்கன்னு ஒரு எழுத்துகூடக் கிடையாது. எலும்பு பேசாது இல்லையா? அந்த வட்டாரத்தின் பழைய காலத்தைப் பற்றி வாய் திறந்து ஏதாவது சொல்லக்கூடிய சாட்சி என்றால் பங்கிமே மாதிரி ஒரு மொழிதான். (பங்கண்டே டெல்லெம் வாரிசுகள் என்று நான் சொல்ல வரலை. அதற்கு ஆதாரம் கிடையாது.)

பிளெஞ்ச் பிறகு 2015-ல், டோகோனுக்கும் பங்கிமேவுக்கும் அடியில், மறைந்துபோன ஒரு நைலோ-சஹாரா கிளையின் படிவு இருக்கலாம் என்று ஒரு ஊகம் சொன்னார். ஊகம்தான். ஆனால் ஊகம் செய்யவாவது ஒரு மொழி உயிரோடு இருக்கணுமே.

பேர்லயே ஒளிஞ்சிருக்கு

இனிதான் கதையே. பங்கிமே என்ற பெயருக்கு அர்த்தம் "ரகசிய மொழி". பங்கண்டே என்றால் "ஒளிந்திருப்பவர்கள்". தன் மொழிக்கு ரகசிய மொழி என்று பெயர் வைத்துக்கொள்ளும் கூட்டம் எதற்கு ஒளிந்தது? யாரிடமிருந்து?

வரைபடத்தை எடுத்து வைத்துக்கிட்டு அந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் பதில் தானா வருது. அந்தப் பள்ளத்தாக்கு வாயைத் திறக்கும் மேற்குப் பக்கம் முழுக்க நைஜர் ஆற்றின் உள்நாட்டு டெல்டா. தட்டையான, செழிப்பான, குதிரை ஓடக்கூடிய பூமி. குதிரை ஓடும் இடத்தில் பேரரசு வரும். பேரரசு வந்தால் அடிமை வேட்டையும் வரும்.

சொங்காய் பேரரசு 15-ஆம் நூற்றாண்டில் சோன்னி அலி காலத்தில் விரிந்தது. 1591-ல் தொண்டிபி போரில் மொராக்கோ படை துப்பாக்கியோடு வந்து அதை உடைத்தது. 1818-ல் சேக்கு அமாது தலைமையில் ஃபுலானிகள் மாசினா அரசை நிறுவி ஹம்தல்லாஹியைத் தலைநகராக்கினார்கள். 1862-ல் எல் ஹாஜ் உமர் தால் அந்த ஹம்தல்லாஹியைப் பிடித்தார். (அமெரிக்காவில் தெற்கும் வடக்கும் முட்டிக்கொண்டிருந்த அதே 1862-ல்தான் ஆல்வன் கிளார்க் தொலைநோக்கியில் அந்த சிரியஸ் துணை நட்சத்திரத்தை முதலில் பார்த்தார். சும்மா ஒரு தகவலுக்கு.) இரண்டே வருஷத்தில், 1864-ல், உமர் துரத்தப்பட்டு இதே பாண்டியகரா மலைக் குகையில் இறந்தார். அவர் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை திதியானி தால் பாண்டியகராவைத் தலைநகராக்கி சண்டையைத் தொடர்ந்தார். 1893-ல் ஆர்ஷினார் தலைமையில் பிரெஞ்சுக்காரன் உள்ளே வந்தான். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரத்துக்குத் தடை உத்தரவு வந்தது 1905 டிசம்பரில்.

கூட்டிக் கழித்துப் பாருங்க. குறைந்தது நானூறு வருஷம், சமவெளியில் இருப்பவன் கையில் கயிறும், மலையில் இருப்பவன் நெஞ்சில் பயமும். டோகோன் மக்கள் செங்குத்துப் பாறையில் வீடு கட்டியதற்கு அழகுணர்ச்சி காரணம் இல்லீங்க. குதிரை ஏறாது என்பதுதான் காரணம்.

பங்கண்டே இருக்கும் பள்ளத்தாக்கு அடிமைக் கூட்டங்களிலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு அடைக்கலமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. தப்பி வந்தவனைத் தேடி ஆள் வருவான். அப்போது வெளியாளுக்குப் புரியாத ஒரு மொழி என்பது பாறையைவிடப் பெரிய மதில். "யாரோ வர்றாங்க, உள்ளே போ" என்று எதிரில் நிற்பவனுக்குப் புரியாமல் ஒரு குழந்தைகிட்ட சொல்ல முடியும் இல்லையா? அதுதான் வித்தியாசம், ஒருத்தன் பிழைக்கிறதுக்கும் சங்கிலியில் நடக்கிறதுக்கும்.

அப்போ இது க-பாஷையா?

சின்ன வயசில் "கநீ கஎங்கே கபோறே" என்று பேசித் திரிந்தது ஞாபகம் இருக்கா? நம்ம இலக்கணத்தில் குழூஉக்குறி என்றே ஒரு இடம் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் கொடுப்பாங்க. வாடிக்கையாளர் எதிரிலேயே, அவருக்குப் புரியாமல் பேசிக்கொள்ள. அப்படியானால் பங்கிமேயும் ஒளிவதற்காகச் செய்து வைத்த குழூஉக்குறிதானா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோணிச்சு. ஆனா கொஞ்சம் யோசிச்சா இடிக்குது. குழூஉக்குறியில் மாறுவது சொல் மட்டும்தான். இலக்கணம் அதே பழைய இலக்கணம். பறி என்றாலும் "பறியை எடு" என்றுதானே சொல்லணும்? ஐ உருபு எங்கேயும் ஓடிப் போகலை. க-பாஷையும் அப்படித்தான், க-வைத் தட்டிவிட்டால் உள்ளே சுத்தத் தமிழ். யாராவது ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டால் உடைச்சிடலாம்.

பங்கிமே அப்படி இல்லை. அதற்குச் சொந்த இலக்கணம். சொற்களோடு விகுதிகள் அதிகம் ஒட்டாது. தாராளமாகப் பயன்படும் விகுதிகள் ரெண்டே ரெண்டு: ஒன்று பன்மைக்கு, இன்னொன்று சிறுமைக்கு. பங்கண்டே, பங்கிமே என்ற பெயர்களின் வாலில் இருப்பவையே அந்த ரெண்டும்தான். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வேற்றுமை உருபு கிடையாது. மேல் சுருதி, கீழ்ச் சுருதி, ஏறும் சுருதி என்று தொனி மாறினால் அர்த்தமே மாறிப்போகும். பக்கத்து டோகோன் மொழிகளில் வினைச்சொல்லுக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி விகுதிகள் கோத்துக்கொண்டு வரும். பங்கிமே கட்டுமானமே வேற.

ஓடி வந்த நாலு கூட்டம் சேர்ந்து அவசரத்துக்குச் செய்த மொழியாக இருந்தால், அடிப்படைச் சொற்கள் அவங்க விட்டு வந்த ஊர்களைக் காட்டிக் கொடுத்திருக்கும். பங்கிமேயில் டோகோன் கடன்சொல் இருக்கு, மற்ற பக்கத்து மொழிகளின் சொற்களும் இருக்கு, மறுக்கலை. அந்த மேல் தோலை உரித்த பிறகும் உள்ளே ஒரு பெரிய கொட்டை மிச்சம் இருக்கு. அந்தக் கொட்டைக்குச் சொந்தக்காரர் யாரும் வரலை.

அபி ஹாண்ட்கன், யோஹான்-மத்தியாஸ் லிஸ்ட் என்ற ரெண்டு பேர் இதைக் கணினி முறையிலும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்பிலேயே கேள்வி: இது ரகசிய மொழியா, தனிமொழியா, மொழித்தீவா? 2020-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வும், பங்கண்டே சுற்றியுள்ள மக்களிடமிருந்து நெடுங்காலம் விலகி இருந்த கூட்டம் என்று சொல்லுது.

என் சிற்றறிவுக்கு எட்டியது இது: மொழி முதலில் இருந்திருக்கணும். ரகசியம் பிறகு வந்திருக்கணும். அதாவது அங்கே ஏற்கெனவே ஒரு பழைய மொழி இருந்தது. வேட்டைக்காரர்கள் காலத்தில் அது வெளியாளுக்குப் புரியவில்லை என்பதே ஒரு வரமாகப் போச்சு. தப்பி வந்தவர்களும் அதையே கற்றுக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் இருந்த அதன் உறவு மொழிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தபோது, இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள அவங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பேர் பயம்.

நாங்களும் டோகோன்தான்!

இன்னொரு முடிச்சு. பங்கண்டே கிட்ட போய் "நீங்க யாரு?" என்று கேட்டால் "டோகோன்" என்பாங்க. "உங்க மொழி?" "அதுவும் டோகோன்தான்." பக்கத்து டோகோன்களைக் கேட்டால், "அவங்களா? அவங்க எங்க ஆளுங்க இல்லை" என்பாங்க. எந்த டோகோன் மொழிக்காரருக்கும் தங்கள் மொழி புரியாது என்பதே பங்கண்டேவுக்கு உறைத்த மாதிரி தெரியலை என்று ஹாண்ட்கனும் லிஸ்ட்டும் எழுதியிருக்காங்க.

நமக்குச் சிரிப்பா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அதே கம்பு வயல், அதே மலை, அதே எதிரி. இருபது விதமாகப் பேசும் கூட்டத்தில் இருபத்தோராவது விதமாகப் பேசுவதில் என்ன தப்பு? டோகோன் என்பது அவங்களுக்கு மொழிக் குடும்பத்தின் பேர் இல்லை. ஒரு வாழ்க்கையின் பேர். மொழியியலாளர் அட்டவணை போட்டு "நீ டோகோன் இல்லை" என்று சொன்னால், அது அவங்க மொழிக்கு வேண்டுமானால் பொருந்தும். அவங்களுக்குப் பொருந்துமா? இதில் நான் பங்கண்டே கட்சி. மொழியின் பிறப்புச் சான்றிதழ் வேற, அதைப் பேசுகிறவனின் சொந்தபந்தம் வேற.

ஆனால் இந்த அன்புக்கு ஒரு விலை இருக்கு.

மாலியில் 13 மொழிகளுக்குத் தேசிய மொழி என்ற சட்ட அந்தஸ்து உண்டு. 2023 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி, ஜூலையில் அமலுக்கு வந்த புதிய அரசியலமைப்பு அந்தத் தேசிய மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது. இத்தனை காலம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரெஞ்சு, வேலை மொழி என்ற நாற்காலிக்கு இறங்கியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த 13-இல் டோகோன் ஒன்று. பங்கிமே இல்லை. பங்கண்டே குழந்தைக்குத் தாய்மொழிக் கல்வி என்று நாளைக்கு ஒரு புத்தகம் வந்தால், அது அவனுக்குப் புரியாத ஒரு டோகோன் மொழியில்தான் இருக்கும். அரசாங்கத்தின் கணக்கில் அவன் டோகோன் ஆச்சே!

ஒளிந்திருப்பது என்பது ஒரு காலத்தில் உயிரைக் காத்தது. இன்றைக்கு அதே ஒளிவுதான் அவங்களைக் கணக்கில் வராதவங்களா ஆக்கியிருக்கு.

எழுதி வைத்தவர்கள்

பிளெஞ்ச் சொன்னதற்குப் பிறகு வேலை வேகமெடுத்தது. ஜெஃப்ரி ஹீத் என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அதற்கு முன் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளையும் சொங்காய் மொழிகளையும் எழுதி வைத்தவர். டோகோன் மொழிகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்யும் பெரிய திட்டத்தைத் தொடங்கினார். இலக்கணம் மட்டும் இல்லை. செடி, மீன், பூச்சி, பறவை பேர் வரைக்கும்.

அந்தத் திட்டத்தில் பங்கிமேயை எடுத்துக்கொண்டவர் ஸ்டெஃபான் எல்டர்ஸ். டச்சுக்காரர். கேமரூன் பக்கத்து முண்டாங் மொழிக்கு இலக்கணம் எழுதியவர். பூனு கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். 2007 பிப்ரவரியில், மாலியிலேயே, திடீரென்று நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரலை. யார் பெத்த பிள்ளையோ, எங்கேயோ பிறந்து, உலகத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் பேசும் ஒரு மொழியின் வினைச்சொல்லைப் பிடிக்கப்போய் அங்கேயே முடிஞ்சு போச்சு. நாம மாசக் கடைசியில் கரண்ட் பில் கட்டுவதையே பெரிய சாதனையாகச் சொல்லிக்கிட்டுத் திரியறோம்.

அவர் விட்ட இடத்திலிருந்து அபி ஹாண்ட்கன் எடுத்துக்கொண்டார். 2013-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு பங்கிமே பற்றியதுதான். 2018-ல் ஹீத்தும் ஹாண்ட்கனும் சேர்ந்து பங்கிமேக்கு முழு இலக்கண நூல் வெளியிட்டார்கள். ரகசிய மொழிக்கு அச்சில் இலக்கணம். முரண்தான். ஆனால் அந்த ஊர்க்காரங்க வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லாமல் அந்தப் புத்தகம் வந்திருக்க முடியாது. நானூறு வருஷம் பூட்டி வைத்ததை அவங்களே மனசு வந்து திறந்து கொடுத்திருக்காங்க.

இப்போ என்ன ஆபத்து?

ஒரு மொழி ரெண்டு விதமாகச் சாகும். ஒன்று சத்தமில்லாமல். நைஜீரியாவின் ஜலாவைப் பாருங்க. அதுவும் பங்கிமே மாதிரி விலாசமில்லாத தனிமொழி. 1990-களில் ஒரு ஜெர்மன் ஆய்வாளர் கண்ணில் பட்டபோது, நாலு பெரியவர்களுக்கு அரைகுறையாகச் சில சொற்கள் ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். யாரும் அவங்களை அடிக்கலை, விரட்டலை. பக்கத்தில் வந்து குடியேறிய கூட்டத்தோடு கொண்டான் கொடுத்தான் என்று கலந்தார்கள். வீட்டில் அந்த மொழி வந்தது. தன் மொழி கொல்லைப் பக்கமாகப் போயிட்டுது. கெட்டவன் என்று யாரும் இல்லாத கதை.

பங்கண்டேவுக்கு அந்த ஆபத்து இன்னும் வாசலுக்கு வரலை. குழந்தைகள் பங்கிமே பேசிக்கொண்டுதான் வளர்கிறார்கள். ஆனால் சந்தைக்குப் போனால் ஃபுலானி மொழி வேணும், தலைநகர் பமாகோவுக்கு வேலை தேடிப் போனால் பம்பாரா வேணும், ஆபீஸ் காகிதத்துக்கு பிரெஞ்சு வேணும். அந்த ஏழு கிராமத்து எல்லையைத் தாண்டினால் பங்கிமேக்கு ஒரு உபயோகமும் இல்லை.

ரெண்டாவது, சத்தத்தோடு வரும் ஆபத்து. 2012-ல் மாலியில் ராணுவப் புரட்சி, வடக்கே ஆயுதக் குழுக்கள் கைப்பற்றல். 2013 ஜனவரியில் அவங்க தெற்கே இறங்கி, அதே மோப்டி வட்டாரத்தின் கொன்னா ஊரைப் பிடித்தார்கள். மறுநாளே பிரெஞ்சு ராணுவம் இறங்கியது. அதோடு முடியலை. சில வருஷத்தில் சண்டை நடு மாலிக்கு நகர்ந்து, டோகோன் விவசாயிகளுக்கும் ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் இடையில் வெட்டு குத்தாக ஆச்சு. 2019 மார்ச் 23-ல் ஒகொசாகு என்ற ஃபுலானி கிராமத்தில் 150-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஜூனில் சொபான் டா என்ற டோகோன் கிராமத்தில் 35 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். 2020-லும் 2021-லும் மறுபடி ராணுவப் புரட்சி. 2023 முடிவில் ஐநா அமைதிப் படையும் கிளம்பிவிட்டது.

இந்தச் சூழ்நிலையில் "நீ யாரு?" என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்க. ஒரு கட்டுரைத் தலைப்பாக இருந்த கேள்வி, சாலையில் துப்பாக்கியோடு நிற்பவன் கேட்கும் கேள்வியாக மாறிப்போச்சு. "டோகோன்" என்ற பதில் ஒரு இடத்தில் காப்பாற்றும், இன்னொரு இடத்தில் கொல்லும்.

3,500 பேர் பேசும் மொழிக்குக் கொள்ளை நோயோ, போரோ, ஒரே ஒரு பெரிய இடப்பெயர்வோ போதும். ஏழு கிராமத்து ஜனமும் நாலு அகதி முகாமுக்குச் சிதறினால், அடுத்த தலைமுறை முகாமில் எது பேசுறாங்களோ அதைத்தான் பேசும். மலை இருந்தது, அதனால் மொழி இருந்தது. மலையை விட்டு இறக்கிட்டா?

முடிக்கிறேன்

இந்தப் பதிவை எழுத ஆரம்பிச்சப்போ "அழிந்து வரும் மொழியைக் காப்போம்" என்று ஒரு வரியில் முடிச்சிடலாம்னு நினைச்சேன். அப்புறம் கை வரலை. நானா காப்பாத்தப் போறேன்? வரைபடத்தில் பூனுவைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆச்சு.

ஆனா ஒண்ணு. மொழியைக் காப்பாற்றுவது என்றாலே நமக்கு அகராதி, பல்கலைக்கழகம், மாநாடு என்றுதான் யோசிக்க வருது. பங்கண்டே கிட்ட இதில் எதுவும் கிடையாது. எழுத்துகூடக் கிடையாது. நாலு பேரரசு தலைக்கு மேலே வந்து போயிருக்கு. அத்தனைக்கும் நடுவில், யாருக்கும் புரியாத ஒரு மொழியில் பிள்ளைக்குத் தாலாட்டி, சண்டை போட்டு, கம்பு விதைத்து, அதைக் கைமாற்றிக் கொண்டே வந்திருக்காங்க. அகராதிக்காரர்கள் வந்தது 2005-க்குப் பிறகு. அதுவரைக்கும் காப்பாற்றியது அம்மாக்கள்தான்.

இனி யாராவது டோகோன், சிரியஸ், வேற்று கிரகவாசி என்று ஆரம்பித்தால், அந்த நட்சத்திரத்தை விட்டுட்டு இந்த ஏழு கிராமத்தைப் பற்றிச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாமல் அந்த மலையில் நிஜமாகவே ஒண்ணு இருந்தது. அது வானத்தில் இல்லை.

டிஸ்கி: பங்கிமே, பங்கண்டே உச்சரிப்பைத் தமிழில் முடிந்த அளவு எழுதியிருக்கேன். தொனியை எழுத நம்ம எழுத்தில் வழி இல்லை. மேல் சுருதியில் படிக்க வேண்டியதைக் கீழ்ச் சுருதியில் படித்து வேறு ஏதாவது அர்த்தம் வந்துட்டா கம்பெனி பொறுப்பல்ல :-)